நம்பரைக் குறைத்த மதினி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களில் குத்துவிளக்கு கொண்டுவந்தவர்கள் உண்டு, தையல் மெஷின் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒருத்தி கறவை ஆட்டையே ஓட்டிக்கொண்டு வந்தாள். சீர் சாமானோடு, டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி கொண்டுவந்தவள் எங்கள் மதினி ஒருத்திதான்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் கொடுத்தது அது. புதிதல்ல, யாரோ ஆடிக் கழித்த பழைய பெட்டி. இரண்டு கன்ட்ரோலர், ஒரு கிரிக்கெட் டிஸ்க். மாப்பிள்ளைக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கலியாணக் கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்த சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து அவளே கன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. மாப்பிள்ளையான என் சின்ன அண்ணனுக்கு அதை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். வாசலில் லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்னா புள்ள, நீயா ஆடுற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏன், பாத்தா தெரியல?" என்றாள் மதினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அவள் எனக்கு அண்ணன் மனைவி, நான் அவளுக்கு நாத்தனார். அந்த நாளில் நான் பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தேன். தினமும் எங்கள் தோட்டமான ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறிப் போய்வருவேன். கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் இளித்து இளித்து அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால், யாருக்கும் இளிக்காத ஒருத்தி வீட்டில் இருந்தாள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்குப் பெரியண்ணன் வைத்ததுதான் சட்டம். லயத்தின் அடுத்த காம்பிரா அறையில் தன் குடும்பத்தோடு இருந்தார். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். நல்லவர்தான், ஆனால் தான் சொன்னது ஒருமுறையாவது தப்பாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்து நான் பார்த்ததில்லை. தம்பி மனைவியோடு மூத்தவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்ற பழக்கத்தை அவர் விடாமல் வைத்திருந்தார். மதினி எதிரிலேயே நின்றாலும், அவளுக்குச் சொல்ல வேண்டியதை என் சின்ன அண்ணனைப் பார்த்துத்தான் சொல்வார். "ஒன் பொஞ்சாதிகிட்ட சொல்லி வை" என்றுதான் ஆரம்பிப்பார். இரண்டு அடி தூரத்தில் நிற்பவளுக்குத் தபால் போடுகிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டு டிவியை வாங்கிப் போட்டதும் பெரியண்ணன்தான். அதன் மூலையில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் 1080 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியது என்று மட்டும் தெரியும். பெரியண்ணன் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், "நம்ம வீட்ல இருக்கிறது ஆயிரத்தி எம்பது" என்று. பக்கத்து லயத்தில் ஒருவர் டிவி வாங்கியபோது, நல விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "ஒங்களுது எத்தன?" என்று கேட்டு அவரைத் தலைகுனிய வைத்துவிட்டு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் புதுச் சாமானின் மேல் வரும் பிளாஸ்டிக் தாளை யாரும் உரிப்பதில்லை. உரித்தால் சாமான் பழசாகிவிடும் என்று ஒரு எண்ணம். ஃப்ரிட்ஜ் கதவிலும் தாள், அலுமாரிக் கண்ணாடியிலும் தாள். கலியாண மெத்தைகூட பாலித்தீனோடுதான் கிடக்கும், புரண்டு படுத்தால் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். எங்கள் டிவியும் வாங்கிய நாளிலிருந்து அந்தத் தாளோடுதான் ஓடியது. உள்ளே காற்றுக் கொப்புளம் விழுந்து, ஓரமெல்லாம் மஞ்சளாகி, செய்தி வாசிப்பவருக்கு நிரந்தரமாகக் கன்னம் வீங்கியிருந்தது. நாங்கள் அதைப் படத்தின் குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த முதல் ஞாயிறு மதினி ஆடிய ஆட்டம் படுதோல்வி. பந்து வந்து ஸ்டம்பில் பட்ட பிறகுதான் மட்டை அசைந்தது. ஓட்ட எண்ணிக்கை காட்டும் கட்டம் திரைக்கு வெளியே பாதி போயிருந்தது. எழுத்தெல்லாம் நடுங்கியது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் ஆறுதலாக, "விடு, கொழுந்து பறிக்கிற கைக்கு இது சரிவருமா?" என்றான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "தோத்தது என் கையாலயா, டிவியாலயானு தெரியல. தெரியாம எப்புடிங்க என் கையச் சொல்றீங்க?"

இதுதான் மதினி. அவளுடைய குணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். தப்பு யாருடையது என்று தெரியாமல் அவள் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டாள். சோறு அடிப்பிடித்தால் நாங்களெல்லாம் விறகைத் திட்டுவோம், சட்டியைத் திட்டுவோம். அவள் மூடியைத் திறந்து பார்த்து, "நாந்தான் தண்ணி கொறச்சு வச்சிட்டேன்" என்று பளிச்சென்று சொல்லிவிடுவாள். தன்னுடையது என்றால் அவளுக்கு வெட்கமே கிடையாது. ஆனால் தன்னுடையது இல்லாததை அவள் தலையில் வைத்தீர்களோ, தொலைந்தீர்கள்.

தேயிலை மலையில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை பெண்கள் எல்லோரையும் சேர்த்து ஏசினார். இலை எல்லாம் முத்தல், நீங்கள் பறிக்கிறீர்களா மேய்கிறீர்களா என்று கேட்டார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், வழக்கமாக நிற்பதுதான். மதினி தன் கொழுந்து முழுவதையும் சாக்கை விரித்துக் கொட்டினாள். குந்தி உட்கார்ந்து முத்தலை எல்லாம் தானே பொறுக்கி எடுத்தாள். ஒரு கைப்பிடி வந்தது.

"ஐயா, இம்புட்டுதான் என் தப்பு. ஏசுங்க, கேட்டுக்குறேன். மிச்சத்துக்கு ஏசுனீங்கனா கேக்க மாட்டேன்" என்றாள்.

ஒரு கைப்பிடிக்கு மட்டும் எப்படி ஏசுவது? கணக்கப்பிள்ளை ஏசாமலே எடை நிறுத்து அனுப்பினார். கூட நின்ற பெண்கள் இதை வீட்டுக்கு வீடு சொல்லிச் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேடிக்கையே இல்லை.

அப்படிப்பட்டவள் டிவியை விட்டுவைப்பாளா? அந்தத் தோல்விக்கு மறுவாரம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, ஸ்டிக்கரோடு சேர்த்துத் திரையின் தாளை ஓரத்திலிருந்து சர்ரென்று உரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி! பெரியண்ணன் பாத்தாருனா..."

"பாக்கட்டும். இனிமேத்தான் நல்லா தெரியும்."

தாள் போனதும் செய்தி வாசிப்பவரின் கன்ன வீக்கம் இறங்கியது. ஆனால் பந்து மட்டும் பிந்தித்தான் வந்தது. எழுத்தின் நடுக்கமும் போகவில்லை. அப்போதுதான் அவள் பெட்டியின் செட்டிங்குக்குள் போனாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. கடைக்காரர் செட் பண்ணிக் கொடுத்ததில் கை வைத்தால் டிவியே போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. உள்ளே நம்பர்கள் வரிசையாக இருந்தன. 480, 576, 720, கடைசியில் 1080. பெட்டி 1080இல் நின்றது.

அவள் கீழேயிருந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு நம்பரை அமுக்கியதும் திரை கறுத்துப்போகும். நாங்கள் "ஐயோ, டிவி போச்சு!" என்று கத்துவோம். அவள் மட்டும் அசையாமல் காத்திருப்பாள். படம் திரும்பி வந்து, இப்படியே இருக்கட்டுமா என்று கேட்கும். குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அதுவே பழையபடி மாறிவிடும். "பாத்தீங்களா, பயந்தவங்களுக்குப் பழசே திரும்பி வந்துருது" என்றாள்.

அவள் பார்த்த முறை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு நம்பரிலும் ஒரு ஓவர் ஆடுவாள். பெஞ்சில் இருந்தபடியே ஓட்ட எண்ணிக்கையை வாசிக்க முடிகிறதா? விரல் அமுக்கியதும் மட்டை இறங்குகிறதா? எல்லைக்கோட்டில் நிற்கிற ஆள் தெரிகிறானா? இந்த மூன்றையும்தான் பார்த்தாள். 480இல் மட்டை சொன்னபடி கேட்டது, ஆனால் எல்லைக்கோட்டு ஆள் புகை மாதிரி இருந்தான். 576இலும் அதே கதை. 720க்கு வந்ததும் எழுத்து நடுங்குவது நின்றது. பந்தும் மட்டையும் சேர்ந்து சத்தம் போட்டன. பிறகு டிவியின் செட்டிங்கிலும் புகுந்து, படத்தை ஓரம் வெட்டாமல் முழுசாகக் காட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். வெளியே போயிருந்த கட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது.

மறுபடியும் 1080ஐ வைத்தாள். மறுபடியும் நடுக்கம். திரும்ப 720க்கு வந்தாள்.

"இதான்" என்றாள்.

"கொறஞ்ச நம்பராச்சே?" என்றேன். கடையில் புடவை விற்கிறவள் நான். விலை கூடினதுதான் ஒசத்தி என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற வாய் இது.

"நம்பரையா ஆடப்போறேன்? பந்தத்தான புள்ள ஆடப்போறேன்."

கொழும்பிலிருந்த அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டபோது அவர் காரணத்தைச் சொன்னார். எங்கள் டிவித் திரையில் இருக்கிற புள்ளிகள் 720க்குத்தான் போதுமாம். அதற்கு மேல் அனுப்பினால் வாங்கிக்கொள்ளுமாம், ஆனால் நசுக்கி நசுக்கித் தன் அளவுக்கு அடக்கிக் காட்டுமாம். அதற்குத்தான் நேரம் பிடிக்கிறது, அதனால்தான் பந்து பிந்துகிறது. ஸ்டிக்கரில் போட்டிருந்தது டிவி வாங்கிக்கொள்கிற நம்பர், காட்டுகிற நம்பர் அல்ல. மதினிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டாள்.

பெரியண்ணனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய ஆயிரத்து எண்பதை, வந்து மஞ்சள் கயிறு காயாத ஒருத்தி எழுநூற்று இருபது என்று சொல்லிவிட்டாள். லயத்தில் அது ஒரே நாளில் பரவியது. நல விசாரிப்பில் தலைகுனிந்த அந்தப் பக்கத்து லயத்துக்காரர் வேண்டுமென்றே எங்கள் வாசல் வழியாக வந்து, "தலைவரே, ஒங்க டிவி நம்பர் எறங்கிருச்சாமே, காச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெரியண்ணனுக்கு அந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. பொம்பளப் புள்ள வேலைவெட்டி இல்லாமல் ஆட்டம் போடுகிறது என்றார். வேலைவெட்டி இல்லாமலா? விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, வந்து சமைத்து, துவைத்து, அதற்குப் பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம் அது. அந்த நேரத்தில் அவள் வாயை மூடி உட்கார்ந்து ஊர்வம்பு கேட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அப்போதே ஆத்திரமாக வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

அந்த வருஷம் சித்திரைப் புத்தாண்டுக்குப் பசறை டவுனில் விளையாட்டு விழா வைத்தார்கள். தலையணைச் சண்டை, கயிறிழுத்தல், சறுக்குமரம் எல்லாம் வழக்கம்போல. புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள், டிவியில் கிரிக்கெட். யாரும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். மதினி பெயர் கொடுத்துவிட்டாள்.

பெரியண்ணன் வந்து வாசலில் நின்றார். மதினி உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவர் சின்ன அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, ஊருக்கு முன்னால ஒக்காந்து ஆடப் போறாளாம். போகட்டும். ஆனா தோத்துட்டு வந்தா அந்தப் பெட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது. நானே வந்து தூக்கிருவேன். சரியா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். "சரிண்ணே" என்றான்.

என் அண்ணன் கெட்டவன் இல்லை. மறுத்துப் பேசும் நரம்பு மட்டும் அவனுக்கு வைக்க மறந்துவிட்டார்கள். உள்ளே ரொட்டி தட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

விழாவுக்கு அவளோடு நான்தான் போனேன். பசறைக்குப் போகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு போனோம். என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"தோத்துட்டா பெட்டி போயிருமே மதினி."

"தோக்குறத அப்பறம் பாக்கலாம். மொதல்ல ஆட விடுறாங்களானு பாப்போம்."

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. முன்னால் ஒரு பிரம்மாண்டமான டிவி, டவுனில் ஒரு கடைக்காரர் விளம்பரத்துக்காகக் கொடுத்தது. அவர் பக்கத்திலேயே புதுச் சாரம் கட்டிக்கொண்டு நின்றார். திரை மூலையில் 2160 என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். படம் என்றால் அப்படி ஒரு படம், புல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் ஆட உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பொலபொலவென்று விழுந்தார்கள். மட்டையைச் சுற்றுவதற்குள் ஸ்டம்பு சிதறியது. கூட்டம் சிரித்தது. பதுளையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், அவன் மட்டும் எப்படியோ இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தான். மதினிக்கு அவனோடுதான் ஆட்டம் விழுந்தது.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழகிப் பார்க்க விட்ட பந்துகளை ஆடினாள். பிறகு கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள்.

"பந்து பிந்தி வருது. கேம் பெட்டியில நம்பரக் கொறைங்க. 1080க்கு வைங்க. டிவியில, படத்தப் பிந்தாமக் காட்டுற கேம் மோடுன்னு ஒன்னு இருக்கும், அதையும் போடுங்க."

மைக் பிடித்திருந்தவர் சிரித்தார். "அக்கா, இது ரெண்டு பேருக்கும் ஒரே டிவிதானே? ஒங்களுக்குப் பிந்துனா அவருக்கும் பிந்தும்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் ஆடல. டிவிதான் ஆடுது."

கடைக்காரர் முன்னால் வந்தார். "இந்தாம்மா, இந்த டிவியோட பெருமையே அந்த நம்பர்தான். ஊரே பாக்குறதுக்கு வச்சிருக்கேன். ஒனக்காக நான் நம்பரக் கொறைக்கவா?"

"பெரும ஒங்களுக்கு. பந்து எனக்கு" என்றாள் மதினி.

கூட்டத்தில் சிரிப்பு, கூச்சல். ஆடுங்க, இல்லாவிட்டால் எழும்புங்க என்று பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். மைக் பிடித்தவர், ஆடாவிட்டால் தோற்றதாக எழுதிவிடுவோம் என்றார். ஒரு பந்துகூட ஆடாமல் தோற்றால் ஊரில் என்ன சொல்வார்கள்? பெரியண்ணன் பெட்டியைத் தூக்க எவ்வளவு லேசாகிவிடும்! நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் காதில் சொன்னேன், "மதினி, ஆடிருங்க. பெட்டிய நெனச்சுப் பாருங்க."

"அத நெனச்சுத்தான் ஒக்காந்திருக்கேன்" என்றாள். எழும்பவும் இல்லை, ஆடவும் இல்லை. கன்ட்ரோலர் மடியில் கிடந்தது. ஒரு மண்டபம் முழுக்கத் தன்னை ஏசும்போது இப்படி ஒருத்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த இடத்தில் அவளுக்கு நாத்தனாராக நிற்பதில் எனக்கு ஒரு திமிரே வந்தது. பின்னால் கூவியவன் பக்கம் திரும்பி, "பொறு, ஒனக்கு என்னா பஸ்ஸா போகுது?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

கடைசியில் வாயைத் திறந்தது அந்தச் சிங்களப் பையன்தான். கொச்சைத் தமிழில் சொன்னான். "அக்கா சொல்றது சரி. எனக்கும் லேட்டாத்தான் வருது. நான் சும்மா குருட்டுத்தனமா முந்தியே அடிச்சி ஜெயிச்சேன். மாத்துங்க, பரவால்ல."

ஜெயித்துக்கொண்டிருந்தவனே கேட்டபோது மைக் பிடித்தவருக்கு வேறு வழியில்லை. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ரிமோட்டைக் கொடுத்தார். மதினி எழுந்து போய்ப் பெட்டியில் தானே நம்பரை மாற்றினாள். திரை கறுத்தது. மண்டபமே "ஐயோ" என்றது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மதினி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படம் வந்தது. கேம் மோடையும் போட்டாள். நிறம் கொஞ்சம் மங்கியது, புல்லை இனி எண்ண முடியாது. ஆனால் முதல் பந்திலேயே மட்டை டக்கென்று இறங்கியது. கூட்டத்துக்கே அது விளங்கியது.

பிறகு நடந்தது நல்ல ஆட்டம். பையன் முதலில் ஆடி ஓட்டம் குவித்தான். மதினி துரத்தினாள். ஒன்று, இரண்டு, நான்கு என்று நெருங்கிவந்தாள். முன்பு அவளை ஏசியவர்களே இப்போது அவளுக்குக் கத்தினார்கள். கடைசி ஓவரில், கையில் ஒரே ஒரு விக்கெட் மிச்சம், தட்டி ஓடினாலே போதும் என்ற இடத்தில், அவள் ஆசைப்பட்டு ஓங்கி ஒன்று விட்டாள். பந்து மேலே எழும்பியது. எல்லைக்கோட்டில் நின்றவன் பிடித்துவிட்டான். ஆட்டம் முடிந்தது.

எனக்கு அழுகை வந்தது. மைக் பிடித்தவர் நல்ல மனதோடுதான் சொன்னார். "பாவம், அக்காவுக்கு இந்த டிவி பழக்கமில்ல. வீட்டு டிவியா இருந்தா ஜெயிச்சிருப்பாங்க. ஒரு கைதட்டுக் குடுங்க!"

மதினி கையை நீட்டி அந்த மைக்கை வாங்கினாள். அவள் மைக்கில் பேசி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"டிவி நல்லாத்தான் இருந்துச்சு. ஆசப்பட்டுத் தூக்கி அடிச்சது நாந்தான். தோத்தது நான்" என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பையனைப் பார்த்து, "நல்லா ஆடுனீங்க தம்பி" என்றாள்.

அப்படி ஒரு கம்பீரத்தோடு தோற்ற யாரையும் நான் இதுவரை கண்டதில்லை. எங்கள் ஆட்கள் எத்தனையோ தோல்விகளைச் சுமந்திருக்கிறார்கள். விதி என்றார்கள், தோட்டத்து ஆளுக்கு அவ்வளவுதான் என்றார்கள், நாமும் ஆமாம் ஆமாம் என்றோம். அதில் எது உண்மையில் நாம் தோற்றது, எது நம்மைத் தோற்கடித்து வைத்தது என்று பிரித்துப் பார்க்க ஒருவரும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. மதினி உட்கார்ந்தாள். இப்போது நான் மொனராகலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். மதினியும் அண்ணனும் கொழும்புப் பக்கம் போய் வருஷக்கணக்காகிவிட்டது. என் வேலையிடத்தில் யாராவது என் தலையில் எதையாவது வைக்கும்போதெல்லாம் அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று நாங்கள் வீடு திரும்புவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றி, அண்ணனுக்கும் எனக்கும் கொடுத்தாள். பிறகு பெட்டியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணன் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாய் குடிப்பதற்குள் பெரியண்ணன் ஒரு காலி அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் லயத்தில் பாதி ஆட்கள்.

"தம்பி, தோத்தாச்சு. ஒன் பொஞ்சாதிகிட்ட சொல்லு, எடுத்து வைக்கச் சொல்லு" என்றார்.

அண்ணன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். மதினி ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியண்ணனின் முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவே இல்லை.

"தோத்தது நெசம் பெரியத்தான். அதனாலதான் ஒக்காந்து பழகுறேன். இது எங்கண்ணன் எனக்குக் குடுத்த சீர். இதத் தர்றேன்னு நான் ஒங்ககிட்ட வாக்குக் குடுக்கல."

"தம்பி குடுத்தானே!" பெரியண்ணன் தன்னை மறந்து அவளிடமே சொல்லிவிட்டார்.

"ஆமா, அவருதான் குடுத்தாரு. அப்ப வாக்குக் குடுத்தவரத் தூக்கிட்டுப் போங்க. பெட்டி இங்கதான் இருக்கும்."

பெரியண்ணன் கையிலிருந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். சின்ன அண்ணன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்திலிருந்து நகர்ந்து பெஞ்சின் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.